மகேசன் பார்க்காத ஊர்கள்

நியூஸிலாந்தின் புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரிக்கிற கொட்டகை ஒன்றில் சற்குணம் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறார். பெல்ட்டில் வெங்காயம் உருண்டு வரும். அழுகலைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மேல்தோல் பளபளவென்று இருக்கிற வெங்காயத்தைக்கூட விரல் பட்டவுடன் உள்ளே கெட்டிருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார். அறுபத்திரண்டு வயதாகியும் அவரை அனுப்ப முதலாளிக்கு மனம் வராததற்கு அந்த விரல்கள்தான் காரணம்.

ஆக்லாந்துத் தமிழர்கள் அவரை மதித்ததற்குக் காரணம் வேறு. தொலைந்துபோன தம்பியின் குடும்பத்துக்காகக் கல்யாணமே கட்டாமல் இருந்த மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். தம்பி மனைவி தமயந்தியையும் எட்டு வயது மகள் கஜந்தினியையும் இலங்கையிலிருந்து எடுப்பித்து, ஒடாஹுஹுவில் ஒரு வீட்டில் குடிவைத்து, தான் அந்த வீட்டின் பின்பக்கத்துத் தனி அறையில் இருந்துகொண்டார். கோயில் விழாக்களில் குத்துவிளக்கேற்றக் கூப்பிட்டால் கடைசி வரிசைக்குப் போய் ஒளிந்துகொள்வார். என்ன பணிவு என்று ஜனங்கள் வியந்தார்கள்.

அது பணிவு இல்லை. பயம்.

தொண்ணூற்றைந்தாம் வருடக் கடைசியில் அண்ணனும் தம்பியும் ஜெர்மனிக்கென்று கொழும்பிலிருந்து புறப்பட்டார்கள். தம்பி மகேசனுக்கு அப்போது இருபத்தேழு வயது. மகள் பிறந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. களவாக எல்லை தாண்டவைக்கிற ஏஜென்சிக்காரன் அவர்களை மாஸ்கோ வழியாக லிதுவேனியா என்ற நாட்டுக்குக் கொண்டுவந்தான். அங்கிருந்து போலந்து, பிறகு ஜெர்மனி. போலந்துக்குள் கால் வைத்த இடத்தில் சற்குணம் பிடிபட்டார். திருப்பி லிதுவேனியாவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கொழும்புக்கு. மறுபடி பாங்காக், ஐ.நா. அலுவலகம், நியூஸிலாந்து. மகேசன் வேறு குழுவோடு முன்னால் போய்விட்டான், அதன் பிறகு தகவல் இல்லை. இதுதான் சற்குணம் எல்லோருக்கும் சொன்ன கதை. இருபத்தெட்டு வருடங்களாகத் தமயந்தி அதை நம்பினாள். நெற்றியில் குங்குமம் கலையாமல் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை விரதத்தை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

மகேசன் இறந்துவிட்டான் என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். எந்த ஊர் மயானத்தில், எந்தப் பெயரில் புதைந்திருக்கிறான் என்பதும் அந்த ஆளுக்குத் தெரியும். அவர் தினமும் காலையில் தமயந்தி போட்டுக்கொடுக்கிற தேநீரைக் குடித்துவிட்டு வெங்காயம் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

கஜந்தினி வளர்ந்து மருந்தாளர் ஆனாள். கிளென்ஃபீல்ட் மாலில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அங்கே பக்கத்தில் குடியிருந்த மதுரைக்காரப் பையன் விக்னேஷோடு பழக்கமாகி, இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. மணவறையில் அப்பாவின் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பாதான் வேண்டும் என்றாள். சற்குணம் தலையை ஆட்டினார். அன்றைக்கு அவரால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த கிழமை அவள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். லிதுவேனியாவின் வரைபடம். அதில் நான்கு இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள்.

மகேசன் கடைசியாக கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்த மனைவிக்கு லிதுவேனியாவிலிருந்து மூன்று நிமிடம் போன் பேசியிருந்தான். அந்த மூன்று நிமிடத்தைத் தமயந்தி மகளுக்குக் கதை சொல்வது போலச் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். ஏரிக்கு நடுவில் சிவப்புக் கோட்டை. தெருவுக்கு மேலே மாதா இருக்கிற வாசல். கடலோரத்தில் மலை போல மணல். ஒரு குன்று முழுவதும் சிலுவைகள். இவ்வளவு வடிவான நாடு, ஒருநாள் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிவந்து காட்டுவேன் என்று சொன்னானாம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பார்த்த ஊர்களைத் தானும் பார்த்துவிட வேண்டும் என்றாள் கஜந்தினி. கூட நின்று பார்த்தவர் பெரியப்பா ஒருவர்தானே, அவர்தான் காட்ட வேண்டும் என்றாள்.

முழங்கால் வலி என்றார். லீவு கிடைக்காது என்றார். அப்படியானால் தனியாகப் போகிறேன் என்று டிக்கெட் போட உட்கார்ந்துவிட்டாள். தமயந்தி கதவோரம் நின்று கெஞ்சினாள்: "பிள்ளையைத் தனிய விடாதேங்கோ அத்தான். அவரும் தனியப் போனவர்தானே."

அதற்குப் பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

விமான நிலையத்துக்கு விக்னேஷ்தான் காரில் கொண்டுபோய் விட்டான். அந்த நாட்டில் வலதுபக்கமாகக் கார் ஓட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு ஒரே கேலி. "அங்கிள், இவ ஓட்டும்போது கண்ணை மூடிக்கோங்க. அதுதான் சேஃப்டி" என்றான். கஜந்தினி அவனுடைய தோளில் ஒன்று போட்டாள். தமயந்தி பின்சீட்டிலிருந்து சிரித்தாள். சற்குணம் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் கடைசியில் வில்னியஸ் நகரத்தில் இலைகள் முக்கால்வாசி உதிர்ந்திருந்தன. மஞ்சள் சுவர்கள், கல் பாவிய ஒடுங்கிய தெருக்கள், மூலைக்கொரு தேவாலயம். பழைய நகரத்தின் வாசல் ஒன்றின் மேல் சின்னக் கோயில் இருந்தது. உள்ளே பொன்னாலும் வெள்ளியாலும் போர்த்திய மாதா. கீழே தெருவில் போகிறவர்கள் நின்று நிமிர்ந்து பார்த்துச் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு போனார்கள். ஒரு பெண் ஈரக் கல்லின் மேலேயே முழங்காலிட்டிருந்தாள்.

"இதைத்தானே அப்பா சொன்னவர்? இந்த இடத்தில நிண்டவரோ?"

சற்குணம் நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

அந்த நாட்டில் அன்றைக்கு அண்ணனும் தம்பியும் முப்பத்தினாலு நாட்கள் இருந்தார்கள். முப்பத்தினாலு நாளும் நகரத்துக்கு வெளியே ஒரு மரவீட்டின் பரணில் இருந்தார்கள். ஒன்பது பேர். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி ஆணியடித்திருந்தது. நிமிர்ந்து நின்றால் தலையில் கூரை இடிக்கும். அங்கே இருந்த ஒரே அலங்காரம் சுவரில் தொங்கிய பழைய நாள்காட்டி. மாதத்துக்கு ஒரு படம். தை மாதத்துக்கு ஏரிக்கோட்டை, மாசி மாதத்துக்கு இந்த மாதா, ஆடி மாதத்துக்கு மணல்மலை. மகேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். ஒருநாள் ஏஜென்சிக்காரன் கீழே இருந்த போனில் ஆளுக்கு மூன்று நிமிடம் பேச அனுமதித்தான். அண்ணன் பக்கத்தில் நிற்க, தம்பி பெண்சாதிக்கு நாள்காட்டியைத்தான் வர்ணித்தான். பசி, குளிர், இருமல் ஒன்றையும் சொல்லவில்லை. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறவளிடம் வேறு என்னத்தைச் சொல்வான்?

கஜந்தினி வாசலையும் பெரியப்பாவையும் சேர்த்துப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

மறுநாள் ட்ராகாய். ஏரியின் நடுவே செங்கல் கோட்டை, அதற்குப் போக நீண்ட மரப்பாலம். நாள்காட்டியில் பனி மூடியிருந்தது, இப்போது தண்ணீரில் கோட்டை தலைகீழாகத் தெரிந்தது. பாலத்து முனையில் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் விற்றார்கள். கஜந்தினி கடித்துப் பார்த்துவிட்டு நம்முடைய பற்றிஸ்தான் இது, கொஞ்சம் பெரிசு என்று சிரித்தாள். அப்பாவும் இதைச் சாப்பிட்டாரா என்று கேட்டாள். சாப்பிட்டார், இரண்டு சாப்பிட்டார் என்றார் சற்குணம். பொய்யை அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. பாலத்தின் நடுவில் நின்று அப்பா பாட்டுப் பாடினார் என்றார். தண்ணீரில் கல் எறிந்து விளையாடினார் என்றார். அவள் கைபேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்தாள்.

சாயங்காலம் தமயந்தி வீடியோவில் வந்தாள். அந்தப் பதிவை எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. கண்கள் பளபளத்தன. "அவர் பாடினவரே? எனக்கு முன்னால ஒருநாளும் பாடினதில்லை. கள்ளன்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் சிரித்த சிரிப்பு. கைபேசியைக் கஜந்தினியிடம் நீட்டிவிட்டுச் சற்குணம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அந்தச் சிரிப்பை வரவழைத்தது தன் பொய். அதைத் திருப்பி எடுக்கப் போகிறவரும் தானாகத்தான் இருக்க வேண்டும். எந்த வாயால் எடுப்பது?

மேற்கே நீண்ட கார்ப் பயணம். கஜந்தினி வலதுபக்கத்தில் ஓட்டப் பழகிவிட்டாள். அவர்தான் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். ஃபெரியில் ஏறி ஒரு மெல்லிய நிலத்துண்டுக்குப் போனார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அசையாத காயல், நடுவில் பைன் காடும் மணலும். நீடா என்ற ஊருக்கு மேலே மணல்மலை. ஏறி நின்றால் காற்று காதை அடைத்தது. காலடித் தடங்கள் கண்முன்னாலேயே மூடிக்கொண்டன. பழைய கிராமங்கள் சில இந்த மணலுக்குள் புதைந்து போயிருப்பதாகக் கஜந்தினி பலகையைப் படித்துச் சொன்னாள்.

அங்கே உட்கார்ந்துதான் அவள் மனதில் இருந்ததைச் சொன்னாள். ஊர் பார்க்க மட்டும் தான் வரவில்லை என்றாள். அம்மா இருபத்தெட்டு வருடமாக ஒருநாளும் அழவில்லை. அழுதால் அவருக்குக் கூடாது என்று அடக்கிக்கொண்டே இருக்கிறாள். கல்யாணம் முடிந்து தானும் வீட்டை விட்டுப் போய்விட்டால் அந்த அடக்கின அழுகையோடு அவள் எப்படி இருப்பாள்? ஏதாவது ஒரு முடிவு தெரிய வேண்டும், அதற்காகவே வந்தேன் என்றாள்.

"ஆராவது வந்து, உன்ர அப்பா செத்துப்போனார், நான் கண்டனான் எண்டு சொன்னால், அந்த ஆளின்ர காலில விழுந்து கும்பிடுவன் பெரியப்பா."

சற்குணத்தின் நாக்கு எழுந்தது. காற்று ஒரு கை மணலை அள்ளி முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார். குளிருது, கீழே போவம் என்றார்.

அவருடைய மௌனத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. ஏஜென்சிக்காரனின் முதல் சட்டம் இது: யாரும் யாருக்கும் உறவில்லை. அண்ணன் தம்பி என்று தெரிந்தால் ஒருவன் பிடிபட்டாலும் இருவரும் அகப்படுவீர்கள், மற்ற ஏழு பேரும் அகப்படுவார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினான். பெயர்களையும் பறித்துக்கொண்டான். சற்குணத்துக்கு ஒரு சிங்கப்பூர்க்காரரின் கடவுச்சீட்டு. மகேசனுக்கு மலேசியாக்காரர் ஒருவரின் கடவுச்சீட்டு, பெயர் பீட்டர் அருள்நாதன். சைவப் பிள்ளைக்குப் பீட்டர் என்று கூப்பிட்டால் திரும்ப வராது. பரணில் இரவும் பகலும் அண்ணன்தான் தம்பிக்கு அந்தப் பெயரைப் பழக்கினார். பீட்டர் என்றால் திரும்ப வேண்டும். மகேசன் என்றால் திரும்பக் கூடாது. ஒரு கிழமையில் மகேசன் என்ற பெயருக்கு மகேசன் திரும்புவதில்லை.

நாலாம் நாள் வடக்கே அந்தச் சிலுவைக் குன்றுக்குப் போனார்கள்.

வெட்டவெளி வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன மேடு. மேடு கண்ணுக்குத் தெரியவில்லை, சிலுவைகள்தான் தெரிந்தன. ஆள் உயரச் சிலுவை, விரல் நீளச் சிலுவை, ஒன்றின் கையில் இன்னொன்று, அதன் கழுத்தில் நூறு. ஜெபமாலைகள் காற்றில் ஒன்றோடொன்று மோதிச் சலசலத்துக்கொண்டே இருந்தன. போரிலும் நாடுகடத்தலிலும் தொலைந்து உடல் வந்து சேராதவர்களுக்கும் இங்கே சிலுவை நட்டிருக்கிறார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. கஜந்தினி அதைத் தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

வாசலில் ஒரு கடைக்காரி மரச்சிலுவைகள் விற்றாள். கஜந்தினி கைப்பிடி அளவில் ஒன்றை வாங்கினாள். நாங்கள் சைவம்தான், ஆனாலும் வேண்டுதல் எந்தச் சாமிக்கு வைத்தாலும் ஒன்றுதான் என்றாள். பேனாவை எடுத்தவள் எழுதாமல் நின்றாள். பிறகு சிலுவையையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

"நீங்கள் எழுதுங்கோ பெரியப்பா. அவரைக் கடைசியாக் கண்டது நீங்கள்தானே."

சற்குணம் வாங்கினார். கால்சட்டை முழங்காலில் வைத்து எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி. எழுதி முடித்து அவளிடம் கொடுத்தார்.

கஜந்தினி படித்தாள். பீட்டர் அருள்நாதன்.

"இது ஆர்?"

அவர் அந்த ஈரப்புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பெரியப்பா, இது ஆர்?"

"உன்ர அப்பா."

அதன் பிறகு அவர் சொன்னதெல்லாம் தலையை நிமிர்த்தாமல் சொன்னது. பரணில் மகேசனுக்கு இருமல் பிடித்தது. காய்ச்சல் ஏறியது. முப்பத்தினாலாம் நாள் காய்கறி வேனில் அடைத்து எல்லைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். முழங்கால் வரை பனி. மகேசனால் இருநூறு அடிக்கு மேல் நடக்க முடியவில்லை. வழிகாட்டி, நடக்க முடியாதவன் இங்கே இருக்கட்டும், பின்னால் கார் வரும், ஏற்றிக்கொள்ளும் என்றான். கார் வராது என்பது சற்குணத்துக்குத் தெரியும். தன் மேல்சட்டையைக் கழற்றித் தம்பிக்குப் போட்டுவிட்டார். மற்ற ஏழு பேரும் மரங்களுக்குள் மறைந்துகொண்டிருந்தார்கள். அவரும் போனார். பின்னால் ஒரு குரல் கேட்டது. அண்ணை என்றுதான் கூப்பிட்டான். உறவில்லை என்ற சட்டத்தை அந்த நேரத்தில் அவன் மறந்துவிட்டான், அண்ணன் மறக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பிடிபட்டு லிதுவேனியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, நாலாம் நாள் ஒரு அதிகாரி படம் ஒன்றைக் கொண்டுவந்து வரிசையில் நின்றவர்களிடம் காட்டினார். காட்டில் விறகு வெட்டப் போனவர்கள் கண்டெடுத்த உடல். பையில் மலேசியக் கடவுச்சீட்டு. இவரை யாருக்காவது தெரியுமா? படம் சற்குணத்தின் கைக்கு வந்தது. தெரியாது என்றார். படத்தின் பின்பக்கத்தில் புதைத்த கிராமத்தின் பெயர் எழுதியிருந்தது. அதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டு படத்தை அடுத்தவர் கையில் கொடுத்தார்.

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தெரியாது எண்டுதான் சொல்லிக்கொண்டு வாறன்."

கஜந்தினிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அம்மா சொன்ன விஷயம். நியூஸிலாந்துக்கு வந்த புதிதில் செஞ்சிலுவைச் சங்கத்தில் காணாமல் போனவரைத் தேடித் தரக் கேட்டு ஒரு படிவம் நிரப்பினார்கள். வேறு பெயர்கள் ஏதும் பாவித்தாரா என்று ஒரு கேள்வி. அம்மா பெரியப்பாவைக் கேட்டாள். பெரியப்பா இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தையால் அம்மாவின் இருபது வருடம் போயிற்று.

காலில் விழுந்து கும்பிடுவேன் என்று சொன்ன பெண் அவருடைய காலுக்கு ஓரடி தூரத்தில் நின்றாள். விழவில்லை. அடிக்கவும் இல்லை. சிலுவையைக் கொண்டுபோய் ஒரு பெரிய சிலுவையின் அடியில் நட்டுவிட்டு வந்து, காரில ஏறுங்கோ என்றாள். தெற்கே மூன்றரை மணி நேரப் பயணம். அவ்வளவு தூரமும் அவள் கேட்ட ஒரே கேள்வி கிராமத்தின் பெயர் என்ன என்பது.

அன்றிரவு எல்லைப்புறச் சிறுநகரம் ஒன்றில் தங்கி, விடிந்ததும் போனார்கள். நவம்பர் இரண்டாம் திகதி. ஏரிக்கரையில் நாற்பது வீடுகள், ஒரு மரத் தேவாலயம், பின்னால் மயானம். மயானம் முழுவதும் ஜனங்கள். கையில் வாரியல், பூச்சட்டி, கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவர்த்தி. அன்றைக்கு இறந்தவர்களின் நாள். அந்த நாட்டில் எல்லோரும் தங்கள் கல்லறைகளைத் துடைத்து விளக்கு வைக்கிற நாள்.

ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இலை வாரிக்கொண்டிருந்தாள். கஜந்தினி கைபேசியில் அந்தப் பெயரை எழுதிக் காட்டினாள். அவள் பெயரைப் பார்த்தாள், பிறகு இவர்களுடைய முகங்களைப் பார்த்தாள். வாரியலைச் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். மதிலோரம் பிர்ச் மரத்துக்குக் கீழே இரும்புச் சிலுவை. பீட்டர் அருள்நாதன், 1996. மண் புதிதாகக் கொத்தப்பட்டிருந்தது. ஏற்கனவே இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆளில்லாத கல்லறைகளுக்கு ஊரார் முறைவைத்து விளக்கு வைப்பதாகக் கைபேசி மொழிபெயர்த்துச் சொன்னது. அந்தப் பெண் கஜந்தினியிடம் நீங்கள் யார் என்று கேட்டாள். மகள் என்று அவள் தமிழிலேயே சொன்னாள். கைபேசி அதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னது. அவள் மயானத்தைப் பார்த்துத் திரும்பி ஏதோ சத்தமாகச் சொன்னாள். பீட்டருக்கு ஆள் வந்திருக்கிறது என்று கைபேசி சொல்லிற்று. வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

முன்பின் தெரியாத ஒரு ஊர் இருபத்தெட்டு வருடம் விளக்கு வைத்திருக்கிறது. கூடப் பிறந்தவர் மதிலில் சாய்ந்து நின்றார். கிட்டே வர அவருக்குக் கால் வரவில்லை.

ஒடாஹுஹுவில் அப்போது சாயங்காலம். தமயந்தி விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு எந்தக் கோட்டை என்று சிரித்துக்கொண்டுதான் திரைக்கு வந்தாள். கஜந்தினி கைபேசியைத் திருப்பிச் சிலுவையைக் காட்டினாள். எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள். தமயந்தி கேட்டு முடித்ததும் அத்தானிடம் கொடு என்றாள்.

சற்குணம் கைபேசியை வாங்கினார்.

"படத்தில அவற்ற முகம் எப்பிடி இருந்தது?"

"நித்திரை கொள்ளுற மாதிரி."

"கண்?"

"மூடியிருந்தது."

பிறகு தமயந்தி அழுதாள். சேர்த்துவைத்த அழுகை. திரையில் முகம் தெரியவில்லை, சீலைத்தலைப்பும் வீட்டு முகடும்தான் தெரிந்தன. பக்கத்து வீட்டுச் சமோவாப் பெண் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அழுது ஓய்ந்து அவள் மறுபடி திரைக்கு வந்தபோது நெற்றியில் குங்குமம் இல்லை.

"கஜந்தினி செய்யட்டும், செய்ய வேண்டியதை. நீங்கள் செய்ய வேண்டாம்."

"ஓம்" என்றார் சற்குணம்.

கஜந்தினி பச்சையரிசியும் பாலும் பழமும் வைத்தாள், தண்ணீர் விட்டாள், அப்பாவின் உண்மையான பெயரை மூன்றுதரம் வாய்விட்டுச் சொன்னாள். இலை வாரிய பெண் தன் விளக்கிலிருந்து நெருப்பு எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்ததும் சற்குணம் பின்பக்கத்து அறையைக் காலி செய்துவிட்டுப் புக்கெகோஹியில் ஒரு அறைக்குப் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. தாரை வார்த்தவள் தமயந்தி. தாலி அறுந்தவள் மணவறையில் ஏறலாமா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஐயரைக் கேட்டாயிற்று, அவருக்கு ஆட்சேபமில்லை, உங்களுக்கு என்ன என்று விக்னேஷின் அம்மாவே அவர்களைக் கேட்டுவிட்டாள். சற்குணம் நாலாம் வரிசையில் இருந்தார். கஜந்தினி வந்து அட்சதையை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமயந்தியிடமிருந்து போன் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள்.

போனார். சோறு போட்டாள், எதிரில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க அவர் வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதைக் கதைக்க வேண்டாம். அது முடியாது, இப்ப முடியாது. எனக்கு அந்த மனுசன்ர கடைசி முப்பத்தினாலு நாள் வேணும். கோட்டையும் பாட்டும் வேண்டாம். என்ன சாப்பிட்டவர், என்ன கதைச்சவர், ஆரோட சண்டை பிடிச்சவர், எல்லாம் சொல்லுங்கோ. கிழமைக்கு ஒருநாள்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் புக்கெகோஹியிலிருந்து வருகிறார். சாப்பாடு வைக்கிறாள். அவர் ஒருநாளைச் சொல்கிறார். ஒளிக்காமல், கூட்டாமல். மகேசன் மற்றவர்களுக்கு மயிர் வெட்டிவிட்டு இரண்டு பேருக்கு மொட்டையாக்கிவிட்ட நாளைச் சொன்னபோது அவள் சிரித்தாள், பிறகு எழுந்துபோய்ச் சமையலறையில் நின்றாள். ஒரு துண்டுப் பாண்ரொட்டிக்காக அவனோடு ஒருவன் மல்லுக்கு நின்ற நாளில் அந்த ஆளின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு பதினெட்டாம் நாள். அடுத்தது பத்தொன்பது. அன்றைக்குத்தான் முதல் இருமல். அவருக்குத் தெரியும். அவர் எழுந்து கைகழுவிய விதத்திலேயே அவளும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். வாசல் வரை ஒருநாளும் வராதவள் அன்றைக்கு வந்தாள்.

"வாற கிழமை வராமல் விட்டிடாதேங்கோ அத்தான்" என்றாள்.

"வருவன்" என்றார்.

அவர் காரை எடுத்து மூலை திரும்பும் வரை அவள் கதவைச் சாத்தவில்லை.